வீடு எண் பதினேழு

டாக்டருக்கா படிக்கிற?
இல்லை.
நர்ஸுக்கா?
அதுவும் இல்லை.
அப்புறம் என்னத்தத்தான்டி படிக்கிற?
பொதுச் சுகாதாரம் என்றேன்.
கொசு மருந்து அடிக்கிற படிப்பு என்று
எதிர்வீட்டு ஒச்சம்மாள் அத்தை
குலமங்கலம் ரோடு வரைக்கும் சொல்லிவிட்டாள்.

முழுப் பொய்யுமில்லை.
முதல் வருடம் குனிந்தே நடந்தோம்.
ஃபிரிட்ஜின் பின்தட்டு,
மொட்டைமாடியில் கொத்தனார் விட்டுப்போன சட்டி,
பந்தல்குடி வாய்க்கால் ஓரம் ஒற்றை டயர்.
டார்ச் அடித்தால்
தலைகீழாகத் தொங்கிக்கொண்டு
காற்புள்ளிகள் நெளியும்.
எண்ணுவோம். வகுப்போம்.
கோட்டுக்கு மேலே செத்தவர்கள்,
கீழே எல்லாரும்.
கீழே இருப்பதை விட்டுவிட்டால்
மேலே இருப்பதற்கு அர்த்தமில்லை
என்பது மட்டும் பரீட்சைக்குப் பிறகும் நினைவிருந்தது.

இரண்டாம் வருடம் செல்லூரில் வீடுவீடாகக் கணக்கெடுப்பு.
சமவாய்ப்பு எண் அட்டவணையில்
கண்ணை மூடி விரல் வைத்தவள் சகாய ஜெனோவா.
ஐந்து விழுந்தது.
தெருவின் ஐந்தாம் வீடு,
பிறகு பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.
பதினேழு
எங்கள் வீடு.

தன் வீட்டைத் தானே கேட்கக் கூடாது.
தாண்டிப் போகவும் கூடாது, மாதிரி கெட்டுவிடும்.
நான் தெருக்குழாயடியில் நின்று
குளோரின் பார்த்தேன்.
சொட்டு விட்டுக் குலுக்கினால் மஞ்சளாக வேண்டிய தண்ணீர்
தண்ணீராகவே இருந்தது.

உள்ளே அம்மா
ஜெனோவாவை "வாங்க மேடம்" என்றாள்.
நேற்றுத்தான் அவளை
"இன்னொரு தோசை வச்சுக்கடி எருமை" என்றவள்.
கழுத்தில் அட்டை தொங்கினால்
எங்கள் தெருவில் யாரும் மேடம்தான்.
ரேஷன் அட்டை நிறம், கழிப்பறை, காய்ச்சல்
வரைக்கும் ஜன்னல் வழியாகக் கேட்டது.
அதற்குமேல் பக்கத்துத் தறிச் சத்தம்.

சாயங்காலம் கம்ப்யூட்டர் லேபில்
ஒரே படிவத்தை இருவர் தனித்தனியே ஏற்றுவோம்.
கை தவறினால் பிடித்துவிடும்.
நூற்றுப் பதினேழாவது வரிசை சிவப்பானது.

கர்ப்பங்கள்: ஒருவர் 2, ஒருவர் 4.
மூலப் படிவத்தைப் பார்க்கவும்.

இரண்டு என்று அடித்தது நான்.
படிவத்தைப் பார்த்து அடித்ததாகத்தான் நினைத்தேன்.
நானும் தம்பியும்,
பத்தொன்பது வருடமாகத் தெரிந்த கணக்கு,
விரல் அதுபாட்டுக்கு அடித்திருக்கிறது.

படிவத்தில் ஜெனோவாவின் குண்டுக் கையெழுத்து.
நான்கு.
கலைந்தது ஒன்று, ஐந்தாம் மாதம், மஞ்சள்காமாலை.
பிறந்து ஆறாம் நாள் ஒன்று, பெண்.
காரணம் என்ற கட்டத்தில்: தெரியாது.
நான் பிறப்பதற்கு முந்தைய வருடம்.

ஜெனோவா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"மாத்திரவா?" என்றாள்.
நானே மாற்றினேன்.
சிவப்பு போய்விட்டது.

படிவத்தில் தெரிந்ததை
வீட்டில் போய்க் கேட்கக் கூடாது.
அதற்குத் தனிப் பாடமே இருக்கிறது,
அதில் எனக்கு நல்ல மதிப்பெண்.
ராத்திரி அம்மா கேட்டாள்,
"கணக்கெல்லாம் சரியா வந்துச்சா?"
"ஒரு எடத்துல இடிச்சுச்சு. சரி பண்ணிட்டோம்."
ம் என்று தோசையைத் திருப்பினாள்.
வழக்கம்போல் அடுத்த அடுப்பில்
குடிதண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.
நாங்கள் கேலி செய்யும் தண்ணீர்.
கேஸ் தீருது, கேன் வாங்கும்மா என்று
நான்தான் அதிகம் கத்துவேன்.
இரண்டு தம்ளர் குடித்தேன், சூடாகவே.

மறுநாள் அடுத்த தெரு, ஒன்பதாம் வீடு.
என்னைவிட நாலைந்து வயது மூத்தவள்,
இடுப்பில் ஒன்று, காலடியில் ஒன்று.
"கொசு மருந்தா? போன வாரந்தான் அடிச்சாக."
இல்லக்கா, கொஞ்சம் கேள்வி இருக்கு.
ரேஷன் அட்டை, கழிப்பறை, காய்ச்சல்.
எத்தனை தடவை உண்டாகியிருக்கீங்க?

"ரெண்டு" என்றாள்.

பேனா கட்டத்துக்கு மேல் நின்றது.
நான் எழுதவில்லை.
அடுத்த கேள்விக்கும் போகவில்லை.
இடுப்பிலிருந்தது
என் அட்டையைப் பிடித்து இழுத்து வாயில் வைத்தது.
அவள் அதை விடுவித்தாள்,
துடைத்துக் கொடுத்தாள்,
கதவை ஒருக்களித்துவிட்டு
"உள்ள வந்து உக்காருங்க" என்றாள்.