பாதி கேட்டு

கிடுக்கியில் பதினான்காம் எண் முள்.
அந்தப் பச்சை எந்தக் கடையிலும் இல்லை,
நிலானியின் ரவிக்கை ஓரத்தில் இருந்தது.
கேட்டுத்தான் உருவினேன்,
பாதி கேட்டு.

கால்கரியில் பனி உடைந்து மூன்று நாள்.
போ ஆற்றில் முழங்காலளவு இறங்கி
ஒரு கல்லைப் புரட்டினேன்.
அடியில் கேடிஸ் புழு, அதே பச்சை,
என்னுடையதைவிட ஒல்லி,
கழுத்தில் மட்டும்
நான் கட்ட மறந்த கறுப்பு.

மரத்துப்போன விரலால்
மார்க்கர் பேனாவைத் திறந்து
ஒரு புள்ளி வைத்தேன்.

எத்தனையாவது வீச்சோ,
நூல் நின்றுவிட்டது.
கல்லில் மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன்.
கல் தலையை ஆட்டியது.

பிறகு இழுப்பு, பிறகு
கையில் எடையே இல்லை.

"டிரவுட் ஏதும் கடித்ததா?"
"உன் ரவிக்கையைக் கடித்தது."

உள்ளே
அலமாரிக் கதவு திறக்கும் சத்தம்.