மூன்று இரவு தனித்தனியே

கடைசிக் கப்பல் போன பிறகு
அடுத்த வீட்டுக்காரனின் மீன்படகில் ஏறித்
தீவிலிருந்து வந்திருந்தார் யெர்கோ.
தெற்குக் காற்று. சட்டை முழுக்க உப்பு.
கூடைக்குள், துண்டுக்கு அடியில்,
நிற்கத் தெரியாத ஒரு சிறிய இயந்திரம்
ஓடிக்கொண்டிருந்தது.

துண்டை விலக்கினேன்.
சாம்பல் நிறப் பூனை. பெயர் மிர்வா.
ரொட்டித் துணுக்கு என்று பொருள்.
காது துடிக்கிறது, மீசை துடிக்கிறது,
தோலுக்கு அடியில் ஒரு மழை
எதையும் நனைக்காமல் பெய்கிறது.
உடல்சூடு நாற்பத்தொன்று.

"என்ன போட்டீர்கள்?"
"ஒன்றும் போடவில்லை."

எனக்குப் பழக்கமான பதில்.
ஷிபெனிக்கில் இரவுப் பணி, பதினோரு கோடை,
இதே மேசைக்கு எதிரே இதையே சொல்வார்கள்,
சட்டைப்பையில் நாய்ப்படம் போட்ட
காலிக் குப்பியை வைத்துக்கொண்டே.
பெரிய நாயின் மருந்தில் பாதி
சிறிய பூனைக்குச் சரியாக வரும் என்பது
கணக்கில் கெட்டிக்காரர்களின் கணக்கு.
பூனையின் ஈரல் அந்தப் பள்ளிக்கூடம் போனதில்லை.
நாயின் ஈரல் அவிழ்த்துவிடும் முடிச்சை
அவிழ்க்க அதற்கு நகம் இல்லை.

பேச்சு அப்புறம்.
முன்காலில் மயிர் மழித்து ஊசி ஏற்றினேன்.
மெத்தோகார்பமால், மெல்ல,
இன்னும் மெல்ல.
நடுக்கம் சற்றே தணிந்ததும்
பாத்திரம் கழுவும் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர்.
சூடு அதிகமானால் தோல் நஞ்சைக் கூடுதலாகக் குடிக்கும்.
குளிர்ந்தால் நடுக்கம் திரும்பும்.
என் மணிக்கட்டு ஒப்புக்கொள்ளும் வெப்பம் போதும்.
கழுவினேன். துடைத்தேன். மறுபடி கழுவினேன்.
பிறகு பால்வெள்ளையாய்க் கொழுப்புக் கரைசல் ஒரு பை,
இரத்தத்தில் திரியும் நஞ்சைத்
தன் பக்கம் அழைத்துக்கொள்ள.

இனிச் சொட்டுகளை எண்ணுவதுதான் வேலை.
சுவரில் மருந்துக் கம்பெனியின் நாட்காட்டி.
இந்த மாதத்துக்கு ஒரு வெள்ளைச் சிறுபூ,
மஞ்சள் கண், சாமந்திக்குத் தூரத்து உறவு.
எங்கள் சுண்ணாம்புப் பாறைகளில் தானே முளைப்பது.
புஹாச் என்போம், தெள்ளுப்பூச்சிப் பூ.
உலர்த்தி இடித்து மெத்தையில் தூவிய காலம் உண்டு.
அந்தப் பூவிடம் பாடம் கற்ற ஆய்வகங்கள்
வெயிலுக்கும் சிதையாத ஒன்றைச் செய்தன.
பூவின் மேல் எனக்கு வழக்கு இல்லை.

மூன்று மணிக்கு யெர்கோ மறுபடி சொன்னார்.
"பூனைக்குப் போடவில்லை.
நாய்க்குத்தான் போட்டேன். ஷார்கோவுக்கு.
போன வருஷம் உண்ணிக் காய்ச்சலில் செத்துப் பிழைத்தவன்.
அட்டையில் சொன்ன அளவு, சொன்ன இடம்,
கழுத்தின் பின்புறம்."

"இவள் எங்கே தூங்குவாள்?"

வாயைத் திறந்தார்.
திறந்தபடியே இருந்தார்.
வலது கை மட்டும் எழுந்து
தன் கழுத்தின் பின்புறத்தைத்
தொட்டது.

அவரை நம்பாத பதினோரு கோடையும்
என் கையுறைக்குள் வியர்த்தது.

விடியும்போது துடிப்பு ஒரு காதில் மட்டும்.
சந்தோஷப்பட்டுவிட்டேன்; நண்பகலில் வலிப்பு வந்தது.
மறுபடி ஊசி, மறுபடி சொட்டுகள்.
அடுத்த நாள் மாலை
என் மேசையில் பிரித்துவைத்த மத்தி மீனின் பக்கம்
மூக்கு தானாகத் திரும்பியது.
பில்லை இரண்டு தவணையாகப் பிரித்தோம்.
காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்:
நாயும் பூனையும் மூன்று இரவு தனித்தனியே.
அடிக்கோடும் இட்டேன்.

இரண்டாம் இரவு தொலைபேசி.
"நடுவில் சமையலறைக் கதவு, டாக்டர்.
கீழே இரண்டு விரல் இடைவெளி.
அந்தப் பக்கம் அவன் மூக்கு,
இந்தப் பக்கம் இவள் பாதம்.
எடுக்கவே மாட்டேன் என்கிறாள்.
பட்டால் பரவாயில்லையா?"

நச்சியல் புத்தகத்தில் இதற்கு அட்டவணை இல்லை.
கதவைத் திறக்காதீர்கள் என்றேன்.
அப்புறம் கேட்டேன்:
மூக்கில் மருந்து போடவில்லையே?

"கழுத்தில்தான்."

அப்படியென்றால்
மூக்கு இருக்கட்டும்.