பதினான்காம் கட்டம்

ஓய்வூதியப் படிவத்தில் பதினான்காம் கட்டம்:
கடலில் கழித்த நாட்கள்.
கடலுள்ள ஏதோ ஒரு நாட்டின் படிவத்தைப்
பார்த்து எழுதியிருக்கிறார்கள்.
அந்தக் கட்டத்தை மட்டும் நீக்க
யாருக்கும் மனம் வரவில்லை.
எங்கள் பொலிவியாவுக்குக் கடற்படை உண்டு.
கடல், நாங்கள் பிறப்பதற்கு வெகுமுன்பே
தோற்ற போரோடு போயிற்று.

ரியர் அட்மிரல் இலாரியோன் கயிசாயா
தொப்பியை மடியில் வைத்து என்னெதிரே அமர்ந்திருந்தார்.
முப்பத்தேழு வருடப் பணி.
ஜன்னலுக்கு வெளியே லா பாஸ்,
மேகத்தைக் கையால் தள்ளிவிடலாம் போன்ற உயரத்தில்.

"பதினொன்று" என்றார்.
பயிற்சிக் காலத்தில், அர்ஜென்டீனாக் கப்பலொன்றில்.
நான் தட்டுவதற்குள் கையைத் தூக்கினார்.
"இல்லை சார்ஜென்ட், நான்கு என்று போடு.
மீதி ஏழு நாளும் வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்தேன்.
அது வாளியில் கழித்த நாட்கள்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மற்ற கட்டங்கள் எளிது.
மமோரே ஆற்றில் ஆறு ஆண்டு:
வெள்ளம் சூழ்ந்த மேடுகளிலிருந்து
மாடுகளைப் படகில் ஏற்றினார்.
புத்தம்புது லெப்டினன்ட் பட்டையை
ஒரு கன்று மென்று விழுங்கியது.
அடுத்து தித்திகாகா ஏரி, இரவு ரோந்து.
எரிவாயு உருளை கடத்திய முதல் படகில்
துடுப்போடு உட்கார்ந்திருந்தவர் சொந்தத் தாய்மாமன்.
பறிமுதல் செய்தார். ரசீது கொடுத்தார்.
அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பு வரவில்லை.
அப்புறம் மேசை. அதற்கப்புறம் இன்னும் பெரிய மேசை.
மார்ச் தோறும் ஊர்வலம்:
கடலைத் திருப்பிக் கொடு என்று
நீளமான நீலத்துணியைப் பிடித்தபடி பள்ளிப் பிள்ளைகள்,
முன்னால், வெள்ளை உடுப்பில், இவர்.

"பதக்கங்கள்?"
"ஒன்று. திக்கினா நீரிணை. பயணிகள் படகு கவிழ்ந்த ஜூன் மாதம்.
அந்த அறிக்கையில் எண் என்ன போட்டிருக்கிறது?"

கோப்பைத் திறந்தேன். பத்தொன்பது.

"இருபது."

கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்,
படகு இப்போதுதான் கவிழ்ந்ததுபோல.

இயந்திரத்துக்கு எண்ணெய் விடும் பையன்.
டிக்கெட் இல்லை, அதனால் பட்டியலிலும் இல்லை.
கரையில் அவனைக் கேட்டு அழ யாருமில்லை.
பத்தொன்பதாம் உடலை இழுத்தபோது இருட்டியிருந்தது,
ஆட்களின் விரல்கள் விறைத்திருந்தன.
பட்டியல் நிறைந்தது.
விளக்குகளை அணைக்கச் சொன்னது இவர்தான்.

ஒன்பதாம் நாள் நாணல்களுக்கிடையில் வந்து ஒதுங்கினான்.
அதற்குள் அறிக்கை தலைநகர் போய்விட்டது.
திருத்தினால் பதக்கம் தள்ளிப்போகும் என்றார் மேலதிகாரி.
"நானும் வாயைத் திறக்கவில்லை."

வெகுநேரம் கழித்துக் கேட்டார்:
"இதற்கு எந்தக் கட்டம்?"

"இதற்குக் கட்டம் இல்லை ஐயா."

"பதினான்கில் இடம் இருக்கிறதே."

இருந்தது.
கடலுக்கென்று விட்ட இடம், தாராளமாகவே விட்டிருந்தார்கள்.
நான்கு நாட்கள் என்று தட்டினேன்.
அதன் கீழே அவர் சொல்லச் சொல்ல:
இருபதாமவன். பெயர் தெரியாது.
சிவப்புக் கம்பளிச் சட்டை.
ஒரு காலில் மட்டும் ரப்பர் செருப்பு.
கையெழுத்திட்டார். தொப்பியை மறந்துவிட்டுப் போனார்.

மூன்று வாரத்தில் படிவம் திரும்பி வந்தது.
பதினான்கு: விவரங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை,
சம்பந்தமில்லாததை நீக்கி அனுப்பவும்.

தொலைபேசியில் படித்துக் காட்டினேன்.
ஏரிக்கரையில் எங்கோ நின்றிருந்தார்,
காற்று அவருக்கு முன்னால் பேசியது,
ஒரு நாய் குரைத்தது, யாரோ அதை அதட்டினார்கள்.

"சரி" என்றார்.
"அந்த நான்கை நீக்கிவிடு."