முப்பத்தொன்றாம் பக்கம்

விண்ணப்பத்தில் நான்காவது கட்டம்: மொழி.
மூன்று நாள் வெறுமையாக விட்டேன்.
நான்காம் நாள் 'பிற' என்று நிரப்பினேன்.
பிற என்றால் எது, விவரம் தருக என்று
கீழே இன்னொரு கட்டம் இருந்தது.

எண்பத்தாறு பக்கம். ஒரு சொல் இல்லை.
ஓர் எழுத்துகூட இல்லை,
அதைத்தான் யாரும் நம்புவதில்லை.
அகரம் போலத் தொடங்கி
வளைவதற்குள் மனம் மாறிய கோடுகள்.
சுழி இருக்கும், ழகரம் ஆகாது.
புள்ளி இருக்கும், எதன் தலையிலும் இல்லை.

பகலில் கட்டபெட்டு தேயிலைத் தொழிற்சாலையில்
பச்சை இலை எடை எழுதுகிறேன்.
பதினான்கு கிலோ அறுநூறு. ஈரக்கழிவு இரண்டு.
ஒரு சுழி தப்பினால் யாரோ ஒருத்திக்குக்
கூலி குறையும்.
அந்தக் கைதான் இரவில்
யாருக்கும் எதுவும் குறையாதபடி எழுதிப் பார்த்தது.

குன்னூர்ச் சரிவில் ரிஸ்வானின் அச்சகம்.
கல்யாணப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம், கண்ணீர் அஞ்சலி.
"புரூப் யாருக்கா பார்ப்பாங்க?"
நான்தான்.
"தப்பு இருந்தா எப்படித் தெரியும்?"
சிரித்துவைத்தேன்.
ஆடி மாதம். தாளுக்கும் ஜலதோஷம்.
மை காயவேயில்லை.
இருநூறு வாட்ஸ் பல்பைத் தொங்கவிட்டு
இரவெல்லாம் காய்ச்சினான், கோழிக்குஞ்சுகளுக்குப் போல.

நூற்றிருபது பிரதிகள்.
ஸ்கூட்டருக்கென்று சேர்த்த பணம்
அட்டைப்பெட்டிகளில் ஏறி
என்னோடு பேருந்தில் வந்தது.
அரை டிக்கெட் கேட்டார் நடத்துநர்.

கோத்தகிரி பேக்கரியில்
வர்க்கி டப்பாக்களுக்குப் பக்கத்தில் பத்து வைத்தேன்.
சுற்றுலா வந்த ஒருவர் புரட்டிப் பார்த்து
இது படுகர் எழுத்தா என்றாராம்.
டீ குடித்துக்கொண்டிருந்த போஜா கவுடர்
கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு,
"எங்க பேச்சுக்கு ஏது எழுத்து?
இருந்திருந்தா இவ்வளவு கிறுக்கா இருக்காது" என்றாராம்.
ஆனாலும் ஒன்று வாங்கிப் போனார்.
பேரன் அதற்கு வண்ணம் தீட்டிவிட்டான்.

இரண்டு திரும்பி வந்தன.
ஒன்றில் சீட்டு: அச்சு சரியாக விழவில்லை, பணம் தேவை.
கொடுத்துவிட்டேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, தெரியாத எண்.
பின்னால் ஏதோ இயந்திரம் சலசலவென்று.
பரஞ்சோதி, கேத்தி பாலாடா, கேரட் கழுவுற எடத்துலருந்து.
"அக்கா, முப்பத்தொண்ணாம் பக்கம் தலைகீழா இருக்கு."

பக்க எண்ணே போடவில்லை நான்.
எண்ணியிருக்கிறாள்.

எப்படிம்மா தெரிஞ்சுது?
"முப்பது வரைக்கும் வந்துக்கிட்டு இருந்துச்சு.
அதுல போகுது."
மூட்டை வந்திருச்சு என்று வைத்துவிட்டாள்.

கையெழுத்துப் பிரதியைத் தேடியெடுத்தேன்.
உண்மைதான். தலைகீழ்.
நூற்றிருபதிலும்.
மூன்று முறை புரூப் பார்த்தவள் நான்.
ரிஸ்வானிடம் சொன்னேன்.
"யாரு கண்டா?" என்றான், பிறகு,
"நெஜமாவே யாரோ கண்டாங்களா?"

பிழைதிருத்தச் சீட்டு அடிக்கலாம்.
அடித்தால் அதுதான்
அந்தப் புத்தகத்தின் முதல் சொல்லாகிவிடும்.
தாளை நறுக்கித் திருப்பி ஒட்டலாம்.
மைதாப் பசை காய்ச்சி
மீதமிருந்தவற்றில் ஒன்றை ஒட்டியும் பார்த்தேன்.
முப்பத்தொன்று நிமிர்ந்தது.
முதுகுப்பக்கம் முப்பத்திரண்டு கவிழ்ந்துகொண்டது.

எந்தப் பக்கம் கவிழ்ந்திருந்தால் பரவாயில்லை என்று கேட்க
அந்த எண்ணுக்கு அழைத்தேன்.
எடுத்தாள்.
தண்ணீரும் கேரட்டும் உருளும் இரைச்சலில்
அவள் ஏதோ சொல்ல, நான் ஏதோ சொல்ல,
ஒரு சொல்லும் விளங்காமல்
இருவரும் வைக்கவில்லை.