முத்திரை எண் 47

இருபத்தாறு வருஷம் பாயான் லெப்பாஸில்
உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே
ஈயப் பொட்டுகளை எண்ணியவள் நான்.
நல்லதைத் தேடச் சொல்லி யாரும் சம்பளம் தரவில்லை.
பழுதைத்தான்.
பழுதில்லாத பலகையில் விழும் என் முத்திரை: 47.

அந்தக் கண்ணோடுதான் போனேன்
அருளப்பனுக்கு இடம் பார்க்க.

தஞ்சோங் பூங்காவில் கடல் தெரிந்தது.
கடலைப் பார்த்து ஒன்பது நாற்காலிகள்,
ஒரே கத்தரிப்பில் ஒன்பது தலைகள்.
எலுமிச்சை வாசனை, தேவைக்கு மேல்.
எதை மூடுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை,
மூக்கு கேட்டது.
மேலாளர் பியானோவைக் காட்டினார், மீன்தொட்டியைக் காட்டினார்.
நான் மூக்குக் கண்ணாடிகளைப் பார்த்தேன்.
ஒரு மனிதரின் கண்ணாடியில்
காலைக் கஞ்சியின் ஒரு சொட்டு
காய்ந்து, கடலின் நடுவே நின்றது.
இன்று எத்தனை பேர் கடந்திருப்பார்கள் அந்த முகத்தை?

ஜெலுத்தோங்கில் கேள்வியோடு போனேன்.
'சாயங்காலம் ஆறு மணிக்கு ஒருவர் எழுந்து
ஃபெர்ரிக்கு நேரமாச்சு என்று கதவைத் தட்டினால்?'
'நம்பர் பூட்டு போட்டிருக்கோம், ஆண்ட்டி.'
தட்டிக் காட்டினான் பையன்.
நல்ல பூட்டுதான்.

ஆயர் ஈத்தாமுக்குச் சொல்லாமல் போனேன்,
மழையில், இரவுச் சாப்பாடு முடியும் நேரம்.
கூரையில் ஈரத் திட்டு. பழுது.
நாட்காட்டியில் இன்னும் போன வியாழன். பழுது.
யாரோ யாருடைய செருப்பிலோ நடந்தார். பழுது.
தரையெல்லாம் மீகூன்.
துடைக்க வேண்டியவள் துடைக்காமல்
ஒரு சீனத்து அம்மாவின் முன்னே குந்தியிருந்தாள்.
அந்த அம்மா அவள் விரலை விடவில்லை.
'கொஞ்சம் இருங்க' என்றாள் மலாயில்,
எனக்கும் தரைக்கும் சேர்த்து.

யுலியானா. மேடான்காரி.
அதே கேள்வியைக் கேட்டேன்.
'ஃபெர்ரியில் அவருக்கு என்ன வேலை?'
எஞ்சின் ரூம். பட்டர்வொர்த்துக்கும் இந்தக் கரைக்கும்
முப்பது வருஷம்.
'அப்ப நேரமாகியிருக்கும்தான்' என்றாள்.
'வேலி வரைக்கும் கூடவே நடப்பேன்.
அங்கே போய்க் கேட்பேன், எண்ணெய் பார்த்தாச்சா என்று.'

பிறகு ஒரு படிவம் தந்தாள். நாலு பக்கம்.
கோப்பிக்குச் சீனி? இரண்டு கரண்டி.
எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவார்? சுவர்ப் பக்கம்.
ஷவரா, வாளியா? வாளி.
எதைக் கண்டால் பயப்படுவார்?

பேனா நின்றது.

போன மாதத்திலிருந்து
என் கை நீண்டால் குளியலறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறார்.
செவ்வாய்க்கிழமை கத்தினேன்.
அதற்கு முந்தின செவ்வாயும்.
வாளி உருண்டது பக்கத்து ஃபிளாட்டுக்குக் கேட்டிருக்கும்.
பன்னிரண்டாம் மாடி. கதவுக்கு இரண்டு பூட்டு.
சாவிகள் என் கழுத்தில், தாலியோடு கோத்து.
அவர் கண்ணாடியை நான் கடைசியாய்த் துடைத்தது எப்போது?
இப்படி ஒரு வீடு என் உருப்பெருக்கிக்குக் கீழே வந்திருந்தால்
சிவப்புப் பெட்டியில்தான் போட்டிருப்பேன்,
இரண்டாம் முறை பார்க்காமல்.

கட்டத்தில் எழுதினேன்: மனைவி.

யுலியானா வாசித்தாள். புருவம் ஏறவில்லை.
'காலையிலா, ராத்திரியிலா?' என்றாள்.
'குளிக்கும் நேரத்தில்.'
அதையும் குறித்துக்கொண்டாள்.
போகும்போது குடை தந்தாள். ஒரு கம்பி உடைந்த குடை.

வீட்டில், பார்த்துக்கொண்டிருந்த ரெஜினாவை அனுப்பிவிட்டு
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.
வெறும் கண்களோடு பொறுமையாய்க் காத்திருந்தார்.
மாட்டிவிட்டதும் எழுந்தார்,
ஃபெர்ரிக்கு நேரமாச்சு.

இரண்டு பூட்டையும் திறந்தேன்.
லிஃப்ட் வரை நடந்தோம், பிறகு படிக்கட்டு வரை.
'எண்ணெய் பார்த்தாச்சா?' என்றேன்.

நின்று, என்னை மேலும் கீழும் பார்த்தார்.
பயமில்லை அந்தப் பார்வையில்.
'நீங்க இங்கே புதுசா?' என்றார்.