உறை

கேவனில் மே மாதக் கடைசி.
மூன்று நாள் மழை இல்லை என்று வானொலி சொன்னால்
இரண்டு நாள் என்று எடுத்துக்கொள்வோம்.
பதினெட்டு ஏக்கர் புல் அறுந்து கிடக்கிறது.
எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன அறுவடை இயந்திரம்
பத்தரைக்கு வருகிறது.
மேற்கில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம்.

குளிர்பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில்
ஒரு வாரமாகக் கிடந்த உறையைப் பிரிக்கிறேன்.
உறைந்து உலர்ந்த தூள், ஒரு கைப்பிடி.
கிராமுக்கு இத்தனை உயிர் என்று அச்சிட்டிருக்கிறார்கள்;
சுழியங்களை எண்ணத் தொடங்கிப்
பாதியில் விட்டுவிட்டேன்.
பாலுக்கு உறை ஊற்றுவது போல
ஒரு குன்றளவு புல்லுக்கு.

போன வருஷமும் இதே தூள்தான்.
முற்றத்துக் குழாய்த் தண்ணீரில் கலக்கினேன்.
எங்களைக் காப்பாற்றப் போடும் குளோரின்
அவர்களை வாளியிலேயே கொன்றிருக்கிறது.
தெரியாது எனக்கு.
செத்தவர்களைப் புல் முழுக்கத் தெளித்தேன்,
கருத்தாக, ஒரு மூலை விடாமல்.

ஜனவரியில் திறந்தோம்.
கை வைத்த இடமெல்லாம் காய்ச்சல் போல் சூடு.
பழைய ரொட்டியில் பூக்கும் அதே நீலம்.
ஓரத்தை வெட்டி எறிந்தோம்,
நடுவைக் கொடுத்தோம்.
வேறு தீனி வாங்கக் காசில்லை என்பதை
தம்பி ஃபெர்கலும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.
பிப்ரவரியில், ஏழாம் மாதம்,
இருநூற்றுப் பதினாலு கன்று வீசினாள்.
"பூஞ்சணமாக இருக்கலாம்" என்றார் மருத்துவர்.
அந்த 'இருக்கலாம்'
இன்னும் என் மேல்சட்டைப் பையில்
சாவியோடு உரசிக்கொண்டிருக்கிறது.

இந்த முறை கூரைத் தண்ணீர், பீப்பாயில் பிடித்தது.
இந்த ஊரில் அதற்கு மட்டும் பஞ்சமில்லை.

இரவு இரண்டு மணி வரை
ஃபெர்கல் டிராக்டரை முன்னும் பின்னும் ஓட்டுகிறான்,
புல்லுக்குள் ஒளிந்த காற்றை
மிதித்து மிதித்து வெளியேற்றுகிறான்.
கறுப்புப் பாயை இழுத்து மூடுகிறோம்.
மேலே பழைய டயர்கள்.
ஒவ்வொன்றிலும் போன மாத மழை;
தூக்கி எறியும்போது கழுத்துக்குள் பாதி, பூட்சுக்குள் பாதி.

பிறகு எங்களுக்கு வேலை இல்லை.
உள்ளே, மூச்சுக்கு இடமில்லாத இருட்டில்,
அவர்கள் சர்க்கரையைத் தின்று
புளிப்பை விடுகிறார்கள்.
புளிப்பு ஏற ஏற மற்றவை அழிகின்றன.
கடைசியில் அந்தப் புளிப்பிலேயே
அவர்களும் ஓய்ந்துபோகிறார்கள்.
சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தால்
ஒன்றும் நடப்பதில்லை.
டயர் மேல் ஒரு காகம்.

நவம்பர். வெட்டிய முகத்தில் கை வைத்தேன்:
குளிர்ச்சி.
கையை எடுக்க மனம் வரவில்லை.
மணம், திறந்து வைத்த காடிப் புட்டி,
கொஞ்சம் ஆப்பிள்.

விற்காமல் வைத்திருந்த இருநூற்றுப் பதினாலு
மூக்கை உள்ளே விட்டாள், தும்மினாள்,
தின்றாள். வயிற்றில் ஐந்து மாதம்.

காகம் கொத்திய ஓட்டைக்குக் கீழே
ஒரு தட்டளவு பூஞ்சணம் இருந்தது.
கவையால் எடுத்தேன்.
அதைச் சுற்றி நல்லதாகத் தெரிந்ததையும்
ஒரு முழம்
கூடவே எடுத்தேன்.