பதினெட்டு டின்

மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டியை ஓட்டி வந்த இம்தியாஸ்
திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினான்.
பாட்டு வரும், வழி சொல்லும்,
பின்னால் இருப்பது முன்னால் தெரியும்.
டிக்கியைத் திற என்றேன்.

வர்க்கி டின் சதுரமானது.
எந்த வளைவுக்கும் இணங்காது.
விடியுமுன் அரவேணுவில் அடுப்பிலிருந்து இறங்கி
ஏழு மணிக்குள் குன்னூர்க் கடைகளில் நிற்க வேண்டும்.
என் ஸ்கூட்டரில் ஆறு போகும்.
மீதிப் பன்னிரண்டும் பால்வண்டிக்காரர் தயவு,
டின்னுக்கு இருபது ரூபாய்த் தயவு.
மழை நாளில் ஒன்றிரண்டு நமத்துத் திரும்பும்.
நமத்த வர்க்கிக்கு
யாரும் பேரம்கூடப் பேசுவதில்லை.

‘சின்னக் காரே போதுமே அக்கா,
பின்சீட்டை மடக்கிட்டா ஏகப்பட்ட இடம்.’
மடக்கினால் என் மகன் எங்கே உட்காருவான்?
கடைகளை முடித்துத் திரும்பினால்
அதே வண்டிதான் அவனுக்குப் பள்ளிக்கூடம்.
ஏற்கெனவே அவன் சட்டையில் வனஸ்பதி வாசம் என்று
மூன்றாம் பெஞ்சிலிருந்து சிரிக்கிறார்களாம்.
தனியாக மூடிக்கொள்ளும் டிக்கி வேண்டும்.
வாலுள்ள வண்டி.
அதற்கு மேல் எனக்கு ஆசை இல்லை.

ஐந்து வருஷ வண்டி, ஒரே கை,
அறுபத்தோராயிரம் கிலோமீட்டர்.
மெக்கானிக் போஜன் பானெட்டுக்குள் தலையை விட்டு
வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
அவர் பேசாமல் இருந்தால் பாதி நல்லது.

டின்களை அடுக்கினோம்.
பதினாறு போயிற்று.
‘ஸ்டெப்னியை எடுத்துட்டா பதினெட்டு’ என்றான் இம்தியாஸ்.
போஜன் அவனைப் பார்த்தார்.
‘தம்பி, நீ இந்த ரோட்டில்
ராத்திரி பஞ்சராகி நின்றதில்லை.’
மிஞ்சிய இரண்டையும் முன்சீட்டில் வைத்தேன்.
பெல்ட் போடச் சொல்லி வண்டி கத்தியது.
போட்டுவிட்டேன்.

பின்சீட்டில் இரண்டு ஆண்கள்,
முழங்கால் இடிக்கவில்லை என்று ஒருவர்,
இடிக்கிறது என்று ஒருவர்.
டானிங்டன் வேகத்தடையில் அடிவயிறு உரசிற்று.
இருவருமே இருமினார்கள்.
மூன்றாவது கியரில் முனகிய மேட்டை
இரண்டில் முணுமுணுக்காமல் ஏறிற்று.
சமவெளிக்காரன் சொல்லும் மைலேஜை
இங்கே நாலால் கழித்துக்கொள்ள வேண்டும்.

கட்டபெட்டுக்கு முன்னால், மேட்டின் நடுவில்,
சாலையை அடைத்து ஒரு காட்டெருமை.
வெள்ளைக் காலுறை, ஈர மூக்கு,
எந்த அவசரமும் இல்லை அதற்கு.
இம்தியாஸ் ஹாரனுக்குக் கை நீட்டினான்.
போஜன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.
எஞ்சினை அணைத்தேன்.
ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் காலை எடுத்தேன்.
பதினெட்டு டின்னும் மூன்று ஆட்களும்
அந்த ஒரு கம்பியை நம்பி நின்றோம்.
ஓர் அங்குலம் இறங்கி, யோசித்து, நின்றது.

மூச்சில் கண்ணாடி வெளுத்தது.
சும்மா இருக்கிற விரலால் எழுதினேன்:
தவணை எட்டாயிரத்து நானூறு.
பெட்ரோல் ஒன்பதாயிரத்து எண்ணூறு.
கழித்தல், பால்வண்டி ஆறாயிரத்து இருநூறு.
கழித்தல், ஸ்கூட்டர் மூவாயிரத்து ஐந்நூறு.
கீழே கோடு போட்டு
துண்டு எட்டாயிரத்து ஐந்நூறு.
நமத்துத் திரும்பும் டின்னை எந்தப் பக்கம் சேர்ப்பது?
மூன்றாம் பெஞ்சுச் சிரிப்புக்கு என்ன விலை?
வங்கிக்காரன் இரண்டுக்கும் கட்டம் வைக்கவில்லை.

எருமை தேயிலைக்குள் இறங்கிற்று.
சாவியைத் திருப்பி, கிளட்சை மெல்ல விட்டு,
பின்னால் சரியாமல் கிளம்பினேன்.
போஜன் அப்போதுதான் வாய் திறந்தார்:
‘கிளட்ச் பிளேட் ஒரு வருஷம் தாங்கும்.
அதைச் சொல்லிக் குறைத்துக் கேள்.’

ஹீட்டரைத் திருகினேன்.
கண்ணாடி கீழிருந்து தெளிந்தது.
முதலில் துண்டு அழிந்தது.
பிறகு கழித்தல்கள், பிறகு பெட்ரோல்.
தவணை மட்டும் மேல் மூலையில்
கொஞ்ச தூரம் கூடவே வந்தது.

‘மூணு தொண்ணூறு, கடைசி விலை’ என்றான்.
‘மூணு அறுபத்தைந்து.
அந்தத் திரையைக் கழற்றி நீயே வச்சுக்கோ.’
அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.
முன்சீட்டு டின் ஒன்றைத் திறந்து
அவனிடம் நீட்டினேன்.
நொறுங்கிற்று.
‘எழுபத்தைந்து’ என்றான், வாய் நிறைய.